புல்லைப் பிடுங்கினா டாலர், நெல்லை மாத்தினா ரூபாய்... கள்ளக்குறிச்சி விவசாயிக்கு என்ன கிடைக்கும்?

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரத்தில் வீட்டு முன்னாடி இருக்கிற புல்வெளியைப் பிடுங்கிட்டு, தண்ணீர் அதிகம் கேட்காத செடிகளை வெச்சா அரசு அமைப்பே பணம் தருது. ஹரியானாவில் நெல்லை விட்டுட்டு வேற பயிர் போட்டா ஏக்கருக்கு இவ்வளவுன்னு வங்கிக் கணக்கில் பணம் வருது. 'தண்ணீரை மிச்சம் பிடிச்சா காசு' என்ற இந்தத் திட்டம் நம்ம ஊருக்கு வந்தா எப்படி இருக்கும்? கரும்பும் நெல்லும் விளையும் கள்ளக்குறிச்சியிலும், அதற்குத் தண்ணீர் அனுப்பும் கல்வராயன் மலையிலும் இன்று விவசாயிக்குக் கிடைப்பது என்ன, கிடைக்காதது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

லாஸ் வேகாஸில் என்ன நடந்தது?

லாஸ் வேகாஸ் ஒரு பாலைவன நகரம். கொலராடோ ஆற்றுத் தண்ணீரை நம்பித்தான் அந்த ஊரே இருக்கு. அங்கே வீட்டு வாசலில் பச்சைப் புல்வெளி வளர்ப்பது பல வருஷப் பழக்கம். ஒரு சதுர அடி புல்லுக்கு ஆண்டுக்குச் சுமார் 275 லிட்டர் தண்ணீர் போகுது. அதே இடத்தில் வறட்சி தாங்கும் செடியை வெச்சு, சொட்டு நீர் கொடுத்தால் 70 லிட்டர் போதும். மிச்சம் சுமார் 205 லிட்டர்.

இதைக் கணக்குப் போட்டுத்தான் தெற்கு நெவாடா நீர் ஆணையம் 1999-ல் ஒரு திட்டம் கொண்டு வந்தது. புல்லை எடுத்தால் சதுர அடிக்கு இவ்வளவு என்று பணம். தொகை காலத்துக்கு ஏற்ப மாறியது. சமீப ஆண்டுகளில் வீடுகளுக்கு 3 டாலர், பிறகு 5 டாலர் வரைக்கும் போனது. இதுவரை 20 கோடி சதுர அடிக்கு மேல் புல்வெளி அகற்றப்பட்டிருக்கு.

இந்தத் திட்டத்தின் மூன்று விதிகள் கவனிக்க வேண்டியவை. ஒன்று, அதிகாரிகள் வந்து பார்ப்பதற்கு முன்னாடி புல்லைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கிட்டு வந்து கேட்டா பணம் கிடையாது. இரண்டு, சும்மா கல்லைக் கொட்டி வைக்க முடியாது. செடி வளர்ந்த பிறகு அந்த இடத்தில் பாதியையாவது நிழல் மூடணும். மூன்று, பணம் வாங்கின பிறகு மறுபடியும் அங்கே புல் போட முடியாது. வீட்டை விற்றாலும் அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடு போகும்.

2021-ல் நெவாடா மாநிலம் இன்னொரு படி மேலே போய்ச் சட்டமே போட்டுது. சாலையோரம், அலுவலக வளாகம் மாதிரி யாரும் நடக்காத, விளையாடாத அலங்காரப் புல்வெளிகளுக்கு 2027 தொடக்கத்தில் இருந்து கொலராடோ ஆற்றுத் தண்ணீர் பாய்ச்சக் கூடாது. தனி வீடுகளுக்கு இதில் விலக்கு உண்டு.

நம்ம ஊர்ல புல்வெளி எங்க இருக்கு?

நியாயமான கேள்விதான். கள்ளக்குறிச்சியில் வாசலில் கோலம் போட இடம் இருக்கும், புல்வெளிக்கு இருக்காது. ஆனால் ஒரு விஷயம். தாவரவியல்படி நெல்லும் கரும்பும் புல் குடும்பம்தான். கேழ்வரகு, சாமை, தினை, மக்காச்சோளமும் அதே குடும்பம்தான். அதனால் நம்ம ஊர்க் கேள்வியை இப்படிக் கேட்கலாம்: அதிகம் குடிக்கிற புல்லுக்குப் பதிலா, கம்மியா குடிக்கிற புல்லைப் போட்டா விவசாயிக்கு என்ன கிடைக்கும்?

2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்தில் இருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது கள்ளக்குறிச்சி. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கு. அதனால் கரும்பு இங்கே ஊறிப்போன பயிர். நெல், மரவள்ளி, மக்காச்சோளம், பருத்தி, உளுந்தும் உண்டு. கல்வராயன் மலையில் பெய்யும் மழைதான் கோமுகி, மணிமுக்தா அணைகளுக்கு வருது. அணைப் பாசனம் எட்டாத இடத்தில் ஏரி, கிணறு, ஆழ்துளைக் கிணறுதான் கதி.

எவ்வளவு தண்ணீர் மிச்சமாகும்?

வேளாண் பாடப் புத்தகங்கள் பொதுவாகத் தரும் அளவு இது. நெல்லுக்கு 900 முதல் 2,500 மில்லிமீட்டர். கரும்புக்கு 1,500 முதல் 2,500. நிலக்கடலைக்கு 500 முதல் 700. கேழ்வரகுக்கு 400 முதல் 450. மழையும் பாசனமும் சேர்ந்த மொத்தத் தேவை இது. மண், ரகம், பருவம் பொறுத்து மாறும்.

மில்லிமீட்டர்னு சொன்னா புரியாது. லிட்டரில் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது சுமார் 4,047 லிட்டர். நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டருக்கு மேல். கேழ்வரகுக்கு 450 என்றால் 18 லட்சம் லிட்டர். வித்தியாசம் சுமார் 30 லட்சம் லிட்டர். அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 250 லாரி. ஒரு ஏக்கரில், ஒரே போகத்தில்!

மழையில் வருவது போக, இதில் ஒரு பெரிய பங்கு மோட்டார் போட்டு நிலத்தடியில் இருந்து எடுப்பது. 2022-ல் தமிழ்நாட்டில் நிலத்தடி நீரைக் குறுவட்டம் வாரியாக மதிப்பிட்டாங்க. மொத்தம் 1,166 அலகுகளில் 300-க்கும் மேற்பட்டவை, மழை ஊறவைப்பதை விட அதிகமாக எடுக்கப்படும் 'அதிநுகர்வு' பட்டியலில் இருந்தது. போர்வெல்லை இன்னும் 100 அடி இறக்கலாமான்னு ஒவ்வொரு கோடையிலும் பேச்சு ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

ஹரியானா என்ன செய்தது?

இந்தியாவில் லாஸ் வேகாஸ் திட்டத்துக்கு மிக நெருக்கமானது ஹரியானாவின் 'மேரா பானி மேரி விராசத்'. 'என் தண்ணீர், என் பரம்பரைச் சொத்து' என்று பொருள். 2020-ல் தொடங்கியது. நிலத்தடி நீர் 40 மீட்டருக்குக் கீழே போன வட்டாரங்களைக் குறிவைத்தது. நெல்லுக்குப் பதில் மக்காச்சோளம், பருத்தி, பருப்பு வகை, காய்கறி என்று மாறினால் ஏக்கருக்கு 7,000 ரூபாய். பின்னர் இது 8,000 ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. விவசாயி முதலில் இணையதளத்தில் பதிவு செய்யணும், அதிகாரி வயலுக்கு வந்து பார்க்கணும், அப்புறம்தான் பணம்.

நம்ம லாரிக் கணக்கில் இதைப் பொருத்திப் பாருங்க. 250 லாரித் தண்ணீருக்கு 8,000 ரூபாய் என்றால் லாரி ஒன்றுக்கு 32 ரூபாய். அரசுக்கு இது மலிவான பேரம். ஆனால் விவசாயிக்கு?

பஞ்சாப் வேற வழியில் போனது. 2018-ல் 'பானி பச்சாவோ, பைசே கமாவோ' என்ற திட்டம். 'தண்ணீரைக் காப்பாத்து, காசு சம்பாதி' என்று அர்த்தம். பம்புசெட்டுக்கு மீட்டர் வைத்து, ஒதுக்கிய மின்சாரத்தில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் என்று அறிவித்தது. பயிரை மாத்தச் சொல்லலை. மோட்டாரைக் குறைச்சு ஓட்டச் சொன்னது.

தமிழ்நாட்டில் முப்பது வருஷத்துக்கும் மேலாக விவசாய மின்சாரம் இலவசம். பெரும்பாலான இலவச இணைப்புகளில் மீட்டரும் இல்லை. லாஸ் வேகாஸ்காரர் புல்லை எடுத்தால் அரசுப் பணம் ஒரு பக்கம், மாதாந்திரத் தண்ணீர் பில் குறைவது இன்னொரு பக்கம். நம்ம விவசாயி தண்ணீரை மிச்சம் பிடித்தால் அந்த மாதம் அவர் கையில் எதுவும் மிச்சமாகாது. இலவச மின்சாரத்தை எடுத்துட்டா சரியாகிடும்னு யாரும் சுலபமா சொல்லிட முடியாது. சின்ன விவசாயி பலர் அதை நம்பித்தான் நிலத்தில் நிற்கிறாங்க. அதனால்தான் மிச்சம் பிடிப்பவருக்குத் தனியாக ஏதாவது தரணும் என்ற பேச்சே வருது.

சரி, கள்ளக்குறிச்சியில் இப்போ என்ன கிடைக்கும்?

பெரிய உதவி சொட்டு நீர், தெளிப்பு நீர்ப் பாசன மானியம்தான். மத்திய அரசின் விதிப்படி சிறு, குறு விவசாயிகளுக்கு 55 சதவீதம், மற்றவர்களுக்கு 45 சதவீதம். தமிழ்நாடு அரசு தன் பங்காகக் கூடுதல் தொகை போட்டு, சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்று தருது.

யார் சிறு, குறு விவசாயி? இரண்டரை ஏக்கர் வரை வைத்திருப்பவர் குறு விவசாயி. இரண்டரை முதல் ஐந்து ஏக்கர் வரை என்றால் சிறு விவசாயி.

'100 சதவீதம்' என்றால் கேட்கிற எல்லாமே இலவசம் என்று அர்த்தம் இல்லை. அரசு நிர்ணயித்த விலை வரைக்கும்தான் 100 சதவீதம். அதற்கு மேல் கூடுதல் பொருள் கேட்டால் விவசாயி கையில் இருந்துதான் போடணும். சொட்டு நீர்க் கருவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பதும் கவனிக்க வேண்டியது.

எப்படி விண்ணப்பிப்பது?

* சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், புகைப்படம் தயாராக இருக்கணும்.

* சிறு, குறு விவசாயி சான்று அவசியம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகம் மூலம் கிடைக்கும். பெரும்பாலும் தாமதம் ஆவது இந்த இடத்தில்தான். அதனால் இதை முதலில் வாங்கிடுங்க.

* கரும்பு, நிலக்கடலை, பயறு என்றால் வட்டார வேளாண்மை அலுவலகம். மரவள்ளி, காய்கறி, பழ மரம் என்றால் தோட்டக்கலைத் துறை. உழவன் செயலியிலும் பதிவு செய்யலாம்.

* அரசு அங்கீகரித்த நிறுவனங்களில் ஒன்றை விவசாயியே தேர்வு செய்யலாம்.

* ஒப்புதல் வருவதற்கு முன்னாடி குழாயை வாங்கிப் போட்டுடாதீங்க. லாஸ் வேகாஸ் விதிதான் இங்கேயும். முதலில் ஆய்வு, அப்புறம் வேலை.

* குத்தகை நிலம் என்றால் குறைந்தது ஏழு ஆண்டுக்குப் பதிவு செய்த ஒப்பந்தம் வேணும். ஒருமுறை மானியம் வாங்கிய நிலத்துக்கு ஏழு ஆண்டு கழித்துத்தான் மறுபடியும் கேட்க முடியும்.

கருவிக்குக் காசு, பயிருக்கு?

இங்கேதான் வித்தியாசம் தெரியுது. சொட்டு நீர் மானியம் குழாய்க்குத் தரப்படும் பணம். அதே கரும்பை, குறைந்த தண்ணீரில் வளர்க்க உதவும். 30 முதல் 50 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு.

ஆனால் மிச்சமான தண்ணீர் எங்கே போகுது? ரெண்டு ஏக்கருக்குப் போதாமல் இருந்த கிணறு, சொட்டு நீர் போட்டதும் மூணு ஏக்கருக்குப் போதும். உடனே பக்கத்தில் சும்மா கிடந்த நிலத்திலும் கரும்பு ஏறும். விவசாயி மேல் தப்பு இல்லை, வருமானம் கூடுதே. ஆனால் நிலத்தடி நீர் அப்படியேதான் குறையும். பணம் வாங்கினவர் திரும்பப் புல் போடக் கூடாதுன்னு லாஸ் வேகாஸ் கட்டுப்பாடு வைத்ததுக்குக் காரணம் இதுதான். நம்ம மானியத்தில் 'எவ்வளவு தண்ணீர் குறைந்தது' என்று யாரும் கேட்பதில்லை.

பயிரை மாத்துறதுக்கு உதவியே இல்லையா என்றால், இருக்கு. 2023-24 வேளாண் பட்ஜெட்டில் தமிழ்நாடு சிறுதானிய இயக்கம் ஐந்தாண்டுத் திட்டமாக 82 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டது. தரிசு நிலத்திலும், மாற்றுப் பயிராகவும் சிறுதானியம் போட மானியம் அதில் உண்டு. 2025-26 வேளாண் பட்ஜெட்டில் மலைவாழ் உழவர் முன்னேற்றத் திட்டம் 22.80 கோடி ரூபாயில் வந்தது. ஆனால் இவற்றின் நோக்கம் சிறுதானியப் பரப்பைக் கூட்டுவது, மலை விவசாயியின் வருமானத்தைக் கூட்டுவது. 'நீ விட்டுக்கொடுத்த தண்ணீருக்கு இந்தா காசு' என்ற கணக்கு இவற்றில் இல்லை.

விவசாயி ஏன் மாற யோசிக்கிறார்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2025-26 பருவத்தில் தமிழ்நாடு அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துச் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். கேழ்வரகுக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை 4,886 ரூபாய். ஒரு குவிண்டாலை மட்டும் பார்த்தா கேழ்வரகுதான் ஜெயிக்குது.

ஆனால் ஏக்கரில் பார்க்கணும். உதாரணத்துக்கு நெல் ஏக்கருக்கு 25 குவிண்டால், கேழ்வரகு 10 குவிண்டால் என்று வைத்துக்கொள்வோம். நெல்லில் 62,500 ரூபாய். கேழ்வரகில் 48,860 ரூபாய். வித்தியாசம் 13,640 ரூபாய். நெல்லுக்குச் செலவு அதிகம் என்பதால் லாபத்தில் இந்த இடைவெளி குறையும். ஆனாலும் ஹரியானா தரும் 8,000 ரூபாய் போதுமா போதாதா என்பது இந்த இடைவெளியில்தான் முடிவாகும்.

இதைவிடப் பெரிய சிக்கல், அந்த 4,886 ரூபாய் உண்மையிலேயே கைக்கு வருமா என்பது. நெல்லுக்கு நேரடிக் கொள்முதல் நிலையம் இருக்கு. மூட்டையோட காத்துக் கிடக்கணும், ஈரப்பதம்னு திருப்பி அனுப்புவாங்க, குறை ஆயிரம் இருக்கலாம். ஆனால் அரசு வாங்கும் என்ற நம்பிக்கை இருக்கு. கரும்புக்கு ஆலை இருக்கு. 2024-25 அரவைப் பருவத்துக்கு டன்னுக்கு 349 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது. அறுவடை நாளில் 'யார் வாங்குவா?' என்ற கேள்விக்குப் பதில் இருக்கிற பயிர்கள் இவை. தண்ணீர் அதிகம் குடிக்கிற பயிர்களும் இவைதான்.

மாற்று வழி நம்ம மாநிலத்திலேயே இருக்கு. 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. ரேஷன் கடைக்குக் கேழ்வரகு வேணும்னா யாராவது விளைவிக்கணும், அதை அரசு வாங்கணும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அரசே கேழ்வரகைக் கொள்முதல் செய்ய ஆரம்பிச்சுது. விவசாயிக்கு இது வெறும் மானியத்தைவிடப் பெரிய செய்தி.

மலை மேல இருக்கிறவங்களுக்கு?

இந்தக் கணக்கில் சுத்தமாக விடுபடுகிற ஒரு கூட்டம் கல்வராயன் மலையில் இருக்கு. 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை இது. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, தினை, கேழ்வரகு என்று மானாவாரியாகப் போட்டு வந்தவங்க. போர்வெல் இல்லை, மோட்டார் இல்லை. பெய்கிற மழைதான். வறட்சி தாங்கும் பயிர்னு இன்னைக்கு உலகம் தேடுறது அவங்க வீட்டுக் குதிரில் தலைமுறை தலைமுறையாக இருந்தது.

மலையில் இப்போது மரவள்ளியும் பரவியிருக்கு. மரவள்ளிக்கு வாங்க ஆள் உண்டு. சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும். சாமைக்கு அப்படி ஒரு பெரிய வாடிக்கையாளர் இல்லை. மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் சிறுதானியங்கள் சோளம், கம்பு, கேழ்வரகு மட்டும்தான். சாமைக்கும் தினைக்கும் அந்தப் பட்டியலில் இடமே இல்லை. நகரத்துக் கடையில் சாமை அரிசி பாக்கெட் என்ன விலை விற்குதுன்னு பார்த்தவங்களுக்கு, விளைவித்தவருக்கு விலை உத்தரவாதமே இல்லை என்பது ஆச்சரியமாக இருக்கும்.

'மாறினால் பணம்' என்ற திட்டத்தின் ஓட்டை இங்கே தெரியுது. நிறைய தண்ணீர் எடுத்தவர் கொஞ்சம் குறைத்தால் பரிசு. முதலில் இருந்தே எடுக்காதவருக்கு ஒண்ணும் இல்லை. ஹரியானா மாதிரி ஒரு திட்டம் நாளைக்கே கள்ளக்குறிச்சிக்கு வந்தாலும், சமவெளியில் நெல் போட்டவருக்குத்தான் 8,000 ரூபாய். மலையில் சாமை போட்டவர் மாறுவதற்கு எதுவும் இல்லையே!

இதோடு ஆவணச் சிக்கலும் சேரும். சிட்டா, அடங்கல் கேட்கும் எந்தத் திட்டத்திலும் பட்டா இல்லாதவர் வரிசையில் நிற்கவே முடியாது. மலைப்பகுதியில் வன உரிமைச் சட்டம் 2006-ன் கீழ் நில உரிமை கேட்டுக் காத்திருப்பவருக்கு, மானிய அறிவிப்பு என்பது கேட்டு மகிழும் செய்தி மட்டும்தான்.

அப்போ எது வேலை செய்யும்?

மூன்று மாநிலக் கதையையும் சேர்த்துப் பார்த்தால் சில விஷயம் தெளிவாகுது.

* ஒருமுறை பணம் கொடுத்து நிரந்தரமாக மாற வைத்தது லாஸ் வேகாஸ். புல்லால் வீட்டுக்காரருக்கு வருமானம் எதுவும் இல்லை, அதனால் அது முடிந்தது. நெல் அப்படி இல்லை. ஒவ்வொரு போகமும் அதுதான் சோறு, அதுதான் பிள்ளைங்க ஃபீஸ். ஒருமுறைப் பணம் இங்கே செல்லாது.

* தண்ணீரைக் குறைக்கணும்னா குறைந்ததை அளக்கணும். அளக்காமல் தரும் மானியம் விவசாயிக்கு உதவும். கிணற்றுக்கு உதவுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

* மாற்றுப் பயிருக்குக் கொள்முதல் இருக்கணும். கேழ்வரகுக்குத் தருமபுரியில் ரேஷன் கடை திறந்த வழியை, கல்வராயன் சாமைக்குச் சத்துணவுக் கூடமோ விடுதிச் சமையலறையோ திறக்கலாம்.

கள்ளக்குறிச்சி விவசாயி இன்றைக்குச் செய்யக் கூடியது, இருக்கிற சொட்டு நீர் மானியத்தை முழுசாக வாங்குவது. அதற்கான சான்றுகளைக் கோடைக்கு முன்னாடியே தயார் செய்வது. கரும்பு, நெல்லை முழுசாக விடச் சொல்லி யாரும் கேட்கலை. அரை ஏக்கரில் உளுந்தோ கேழ்வரகோ போட்டுப் பார்ப்பவர், விதைக்கும் முன்னாடியே ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விலையை விசாரிச்சுக்கிறது நல்லது.

அரசு செய்ய வேண்டியது வேற. புல்லைப் பிடுங்கினவருக்கு டாலர் தந்த ஊரில், பிடுங்கின இடத்தில் என்ன நடணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. நம்ம ஊரில் என்ன நடணும்னு மலை மேல இருக்கிறவங்களுக்குத் தெரியும். விளைஞ்சதை என்ன விலைக்கு யார் வாங்குவாங்க என்பதுதான் அவங்க கேட்கிற கேள்வி.